போன அரசின் கணக்கை யார் கேட்பது?

அண்மையில் பேராக் மாநிலத்து மஞ்சோங் மாவட்டத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீர் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால் மரம் வெட்டிவரும் பெரியவர் ஒருவர் நம்மருகே வந்து அமர்ந்தார்.

“ஐயா, லூமுட் கப்பல் பட்டறை இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. கோடி கோடியாகக் காசு கொடுத்தும் ஒரு கப்பல்கூட வரவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். காசு கொடுத்த அரசாங்கம் போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்ததும் போய்விட்டது. இனிமேல் யாரைப் பிடித்துக் கேட்பது?” என்றார்.

சுற்றியிருந்தவர்களில் சிலர் சிரித்தனர். “போன மாட்டைத் தேடுகிறார் தாத்தா” என்றார் ஓர் இளைஞர். பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு அன்று நாம் சொன்ன மறுமொழி அவசரத்தில் சொன்ன அரைகுறை மறுமொழிதான். வேறு தோட்டங்களிலும் இதே ஐயம் பலர் மனத்தில் இருக்கக்கூடும் என்பதால், அதனை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், உங்கள் தோட்டத்தில் நிர்வாகி மாறும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். பழைய நிர்வாகி பெட்டி படுக்கையுடன் புறப்பட்டுவிடுவார். ஆனால் செக்ரோல் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும். ஸ்டோருக்கு எத்தனை மூட்டை உரம் வந்தது, எத்தனை மூட்டை வெளியே போனது என்னும் பதிவேடு அங்கேயே இருக்கும். பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணியார் நாள்தோறும் எழுதிய கணக்கும் இருக்கும். புதிய நிர்வாகி வந்து, “அது எனக்கு முந்தியவர் காலத்துச் சங்கதி” என்று சொல்லி உங்களுக்கு வரவேண்டிய பாக்கிச் சம்பளத்தை மறுத்துவிட முடியுமா? தொழிற்சங்கம் விடாது, சட்டமும் விடாது. கணக்கு தோட்டத்தினுடையது, ஆளினுடையது அன்று.

அரசாங்கத்திலும் அவ்வாறே. அமைச்சர்கள் மாறுவார்கள். அமைச்சின் தலைமைச் செயலாளரும் மாறலாம். கோப்புகள் மட்டும் அமைச்சுக்கே உரியவை. அரசாங்கப் பதிவேடுகளை அனுமதியின்றி அழிப்பதை 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் தடை செய்கிறது. பதவியை விட்டுப் போகிறவர் தம் நாற்காலியை விட்டுப் போகலாம். கையொப்பமிட்ட தாளை எடுத்துப்போக முடியாது.

இனிப் பெரியவர் கேட்ட கப்பல்களுக்கு வருவோம்.

608 கோடி வெள்ளி

நம் கடற்படைக்குக் கரையோரப் போர்க்கப்பல்கள் ஆறு வாங்குவதென்று 2011-இல் அன்றைய அரசு முடிவு செய்தது. 2014-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தொகை ஏறத்தாழ 900 கோடி வெள்ளி. இக்காலப் பத்திரிகைகள் 9 பில்லியன் ரிங்கிட் என்று எழுதுவதும் இதே தொகையைத்தான். திறந்த டெண்டர் எதுவும் விடப்படவில்லை. லூமுட்டில் உள்ள போஸ்டெட் நேவல் ஷிப்யார்ட் நிறுவனத்திடம் நேரடிப் பேச்சின் வழியாகவே வேலை ஒப்படைக்கப்பட்டது. முதற் கப்பல் 2019-இல் கடற்படையின் கைக்கு வந்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்டு மாதம் அதற்கு ‘மகாராஜா லேலா’ என்று பெயர் சூட்டிச் சிறப்பாக விழாவும் எடுத்தார்கள்.

விழா நடந்ததே தவிரக் கப்பல் முடியவில்லை. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இதனை விசாரித்து, 2022 ஆகஸ்டு மாதம் மக்களவையின் முன் தன் அறிக்கையை வைத்தது. அட்டவணைப்படி அந்த மாதத்திற்குள் ஐந்து கப்பல்கள் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்றுகூட முடிக்கப்படவில்லை. அரசு கொடுத்துத் தீர்த்ததோ 608 கோடி வெள்ளி.

இவ்வளவு பெரிய தொகை நம் போன்றோர் மனத்தில் எளிதில் நிற்பதில்லை. ஆகவே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் ஒருவர் ஓராண்டு உழைத்தால் 20,400 வெள்ளி. 608 கோடியை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 298,000 வருகிறது. அதாவது, மூன்று இலட்சத்துக்குச் சற்றே குறைந்த தொழிலாளர்களின் ஓராண்டு முழு உழைப்புக்குரிய ஊதியம் கொடுக்கப்பட்டும், குறித்த நாளில் கடற்படைக்குக் கப்பல் வந்து சேரவில்லை.

“நாங்கள் வருமான வரி கட்டுவதில்லையே, அது எங்கள் காசு ஆகுமா?” என்று அன்றைக்கே ஒரு பெண்மணி கேட்டார். ஆகும் அம்மா. 2015 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 6 விழுக்காடு பொருள் சேவை வரி வாங்கப்பட்டது நினைவிருக்கிறதா? 2018 ஜூன் முதல் அது சுழியமாக்கப்பட்டது; அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் வந்தன. கடையில் நாம் வாங்கும் எத்தனையோ பொருள்களின் விலைக்குள்ளே வரி ஒளிந்துகொண்டிருக்கிறது. சம்பளச் சீட்டில் வரி என்று ஒரு வரி இல்லாதவரும் அரசின் பெட்டியில் பணம் போட்டவரே.

அறிக்கையில் நம்மை மிகவும் நிறுத்திவைத்த பகுதி பணத்தைப் பற்றியது அன்று. கப்பலில் ஏறிப் போகப்போகிறவர்கள் கடற்படையினர். அவர்கள் ஒரு வடிவமைப்பை விரும்பினார்கள். முடிவு செய்யப்பட்டதோ வேறொரு வடிவமைப்பு. கப்பலைப் பயன்படுத்தப்போகிறவர்களின் கருத்தைப் பொருட்படுத்தாமல் முடிவெடுக்கப்பட்டது என்பது குழுவின் கண்டுபிடிப்பு. அன்றைய கடற்படைத் தலைவர் இது குறித்துப் பத்துக் கடிதங்கள் எழுதியதாகக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஒரு கடிதம் அன்று, இரண்டு அன்று, பத்து! அவை எவராலும் பொருட்படுத்தப்படவில்லை. லயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த அனுபவம் உடையவர்கள் நம்மில் பலர். ஒரு நாட்டின் கடற்படைத் தலைவருக்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கடிதங்கள் வீண் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதிய காலத்தில் அவற்றால் எதையும் தடுக்க முடியவில்லை. ஆண்டுகள் கழித்து, அரசுகள் மாறிய பின், “எங்களுக்குத் தெரியாது” என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தவை அவைதாம்.

பழைய கணக்கு ஒன்று

இந்தக் கதைக்கு ஒரு முற்பிறவியும் உண்டு. லூமுட்டில் இருக்கும் இதே பட்டறை முன்பு பிஎஸ்சி நேவல் டாக்யார்ட் என்னும் பெயரில் நடந்தது. 1998-இல் ஆறு ரோந்துக் கப்பல்கள் கட்டும் ஒப்பந்தம் அதனிடம் கொடுக்கப்பட்டது. முடிவில் மொத்தம் இருபத்தேழு கப்பல்கள் கட்டுவதே அன்றைய திட்டம். ஆறுடன் அது நின்றது. அந்த ஆறும் காலங்கடந்தே வந்தன.

2006-ஆம் ஆண்டுக்குரிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை 2007-இல் வெளிவந்தபோது உண்மை தெரிந்தது. செய்யப்பட்டிருந்த வேலையின் மதிப்பு 287 கோடி வெள்ளி. கொடுக்கப்பட்டிருந்த பணம் 426 கோடி வெள்ளி. அதாவது, மரம் வெட்டுமுன்பே அடுத்த மாதப் பாலுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்த கதை. நமக்கு யாரேனும் அப்படிக் கொடுப்பார்களா என்று கேட்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வறிக்கையில் மக்கள் நினைவில் நின்றது கப்பல் அன்று. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நிலையங்களுக்கென்று 40 வெள்ளி விலையுள்ள திருப்புளித் தொகுதியை 224 வெள்ளிக்கும், 50 வெள்ளிக்குக் கிடைக்கும் கார் ஜாக்கியை 5,700 வெள்ளிக்கும் மேலாகவும் வாங்கியிருந்ததை அதே அறிக்கை எடுத்துக்காட்டியது. ஜாக்கியின் விலை நமக்குத் தெரியும். ஆகவே நாடே அதைப் பேசியது. கப்பலின் விலை நமக்குத் தெரியாது. ஆகவே அது பேச்சில் பின்னுக்குப் போயிற்று. 139 கோடி வெள்ளி கூடுதலாகப் போனதை விட 5,000 வெள்ளி கூடுதலாகப் போனது நம் சினத்தைக் கிளறுகிறது. இது மனித இயல்பு. பெருந்தொகையைச் செலவு செய்கிறவர்களுக்கு வசதியான இயல்பும்கூட.

அந்தப் பழைய கணக்கு முறையாகத் தீர்க்கப்படவில்லை. பட்டறை 2005-இல் போஸ்டெட் குழுமத்தின் கைக்கு மாறியது. போஸ்டெட் நிறுவனமோ ஆயுதப்படை நிதி வாரியத்தின் ஆளுகையில் இருந்தது. அவ்வாரியம் நமக்கு ஊழியர் சேமநிதி போல, இராணுவ வீரர்களின் சேமிப்பைக் காப்பது. பிறகு 2022-இல் பொதுக் கணக்குக் குழு கண்டதென்ன? புதிய ஆறு கப்பல்களுக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தில் 40 கோடி வெள்ளி, பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் பயன்பட்டிருக்கிறது. 2007-இலேயே அக்கணக்கைக் கடைசிவரை கேட்டு முடித்திருந்தால், பழைய பாக்கி புதிய கப்பலின் தலையில் வந்து ஏறியிருக்குமா என்பது நம் கேள்வி.

கேட்பவர்கள் யார்?

“யாரைப் பிடித்துக் கேட்பது” என்று பெரியவர் வினவினார். யார் கேட்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாட்டின் ஒருங்கிணைந்த நிதியிலிருந்து ஒரு காசை எடுப்பதாயினும் சட்டத்தின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வருவது இதனால்தான். அனுமதித்த பணம் அனுமதித்த வழியில் செலவானதா என்று பார்ப்பவர் தலைமைக் கணக்காய்வாளர். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு அவரைப் பற்றியது. அவரை மாமன்னர் நியமிக்கிறார். பிரதமரின் ஆலோசனையும் ஆட்சியாளர் மாநாட்டின் கருத்தும் அதற்கு வேண்டும். நியமித்த பின், அவருடைய அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன முறை உண்டோ அதே முறையில்தான் அவரையும் நீக்கலாம். பால் நிறுக்கும் கிராணியாரை மண்டோர் மிரட்ட முடியாத ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அறிக்கை மாமன்னரிடம் சமர்ப்பிக்கப்பட்டு, மக்களவையின் முன் வைக்கப்படும். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த அறிக்கை, பின்னர் ஆண்டில் பலமுறை, பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. பொதுப்பணம் அரசுத் துறைகளைத் தாண்டி நிறுவனங்களுக்குள் போனாலும் அதைப் பின்தொடர்ந்து பார்க்கும் வகையில், 1957-ஆம் ஆண்டின் கணக்காய்வுச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது.

தலைமைக் கணக்காய்வாளர் சொன்னதை எடுத்துக்கொண்டு ஆட்களை அழைத்து விசாரிப்பது பொதுக் கணக்குக் குழு. மக்களவை உறுப்பினர்களே இதில் இருப்பார்கள். அமைச்சர் எவரும் இதில் இடம்பெறக் கூடாது. செலவு செய்கிறவரே செலவை விசாரிக்கலாகாது அன்றோ? 2022-இல் கப்பல் அறிக்கையை வெளியிட்டபோது குழுவின் தலைவராக இருந்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த வோங் கா வோ. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டையும் சேர்ந்த உறுப்பினர்கள் குழுவில் இருந்தனர். அமைச்சின் அதிகாரிகள், கப்பல் நிறுவனத்தார், கடற்படையின் முன்னாள் தலைவர் ஆகியோர் இத்தகைய குழுவின் முன் வந்துதான் விடை கூறினார்கள்.

இவ்விருவரும் எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. இதைக் கேட்டவுடன் பலருக்கு ஏமாற்றம். “பிறகு எதற்கு இந்த அறிக்கை?” என்கிறார்கள். இங்கேதான் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டியிருக்கிறது. வீண் செலவு வேறு, திருட்டு வேறு. நல்லெண்ணத்துடன் தொடங்கிய திட்டம் தவறாகிப் போகலாம். அதற்குத் தண்டனை வாக்குச்சீட்டில்தான் உண்டு. விதியை மீறியோ கவனமின்றியோ ஓர் அதிகாரி பணத்தை விட்டிருக்கலாம். 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டம் அத்தகைய இழப்பை அவரிடமிருந்தே வசூலிக்க இடம் தருகிறது. பணம் யாருடைய பைக்குள்ளாவது போயிருந்தால் அது ஊழல் தடுப்பு ஆணையத்தின் வேலை. பின்னர் நீதிமன்றத்தின் வேலை. லூமுட் விவகாரத்திலும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. எனினும் 608 கோடியும் திருடப்பட்டது என்று சொல்வது தவறு. அதில் பெரும்பகுதி இரும்பாகவும் இயந்திரமாகவும், முடியாத கப்பல்களாகவும் பட்டறையில் கிடந்தது. கோபத்தில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், திருடாதவர் “நான் ஒரு காசும் எடுக்கவில்லை” என்று சொல்லிக் கவனக்குறைவுக்கும் விடை கூறாமல் தப்பித்துக்கொள்வார்.

நீதிமன்றப் பாதைக்கு எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் நிறுவனத்தின் 4 கோடியே 20 இலட்சம் வெள்ளி தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020 ஜூலையில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2024-இல் மன்னிப்பு வாரியம் அவருடைய பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையைப் பாதியாகக் குறைத்தது. அதே முன்னாள் பிரதமர், 1எம்டிபி நிறுவனம் பற்றிய கணக்காய்வு அறிக்கையைத் திருத்தியதாகத் தொடரப்பட்ட வேறொரு வழக்கில் 2023 மார்ச்சில் விடுதலை செய்யப்பட்டார். ஒரே மனிதர், ஒரு வழக்கில் தண்டனை, ஒரு வழக்கில் விடுதலை. சான்று நின்ற இடத்தில் தண்டனை நின்றது. நிற்காத இடத்தில் இல்லை. பதவியிழந்தவரைப் பழிவாங்குவதற்கும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பூட்டும் சாவியும்

அந்த 1எம்டிபி கணக்காய்வு அறிக்கைக்கு 2016-இல் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் அது மூடப்பட்டது. நாட்டின் கணக்கு, நாட்டு மக்கள் பார்க்கக் கூடாத தாளாயிற்று. 2018 மே 9-ஆம் நாள் பொதுத்தேர்தலில், விடுதலைக்குப் பின் முதன்முறையாகக் கூட்டரசில் ஆட்சி மாறியது. மே 15-இல் அந்த அறிக்கையின் இரகசிய முத்திரை நீக்கப்பட்டது. ஆறே நாள்தான்! போன அரசின் கணக்கைக் கேட்பதில் புதிய அரசுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நாம் நேர்மை தவறியவர்கள் ஆவோம். அதே 2018-இல், பழைய கொள்முதல்களை ஆராய முன்னாள் தலைமைக் கணக்காய்வாளர் அம்ப்ரின் புவாங் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் அறிக்கையில் ரோந்துக் கப்பல்களையும் கார் ஜாக்கியையும் எழுதியவர் இவரே. அக்குழு லூமுட் கப்பல்களையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. அவ்வறிக்கையும் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. 2020-இல் ஓர் அரசு போயிற்று, 2021-இல் இன்னொன்று போயிற்று. 2022 ஆகஸ்டு மாதம், பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வந்து நாடே பேசத் தொடங்கிய பின்னரே அதன் முத்திரை நீக்கப்பட்டது. பிறர் கணக்கைத் திறந்துகாட்டியவர்கள், தாம் எழுதுவித்த கணக்கை வெளியே விடவில்லை. பட்டறையில் வேலை 2019-இல் தடைப்பட்டு நின்றதும் பழைய அரசின் காலத்தில் அன்று. குற்றம் முந்தியவருடையதாக இருந்தாலும், நின்றுபோன ஒவ்வொரு மாதத்தின் செலவுக்கும் அப்போது நாற்காலியில் இருந்தவரே பொறுப்பு. தோட்டத்து ஸ்டோரில் உரம் குறைகிறது என்று கண்டுபிடித்த புதிய நிர்வாகி, பூட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், மிச்சமிருக்கும் உரமும் ஈரத்தில் கட்டிபட்டுத்தானே போகும்?

“அப்படியானால் திட்டத்தையே நிறுத்திவிட்டிருக்கலாமே” என்பார் உண்டு. நிறுத்துவதும் இலவசமன்று. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் திட்டத்துக்கு 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2018-இல் அது ஒத்திவைக்கப்பட்டது. 2020 டிசம்பர் இறுதியில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. ஒரு தண்டவாளமும் போடப்படவில்லை. இருந்தும் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 10 கோடியே 28 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. போனவர் போட்ட கையொப்பம் வந்தவரையும் கட்டும்.

கப்பல்களின் விஷயத்தில், தொடர்ந்து கட்டுவதென்றே முடிவாயிற்று. 2023-இல் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையின்படி கப்பல்கள் ஆறு அல்ல, ஐந்து. தொகை 900 கோடி அல்ல, ஏறத்தாழ 1,122 கோடி வெள்ளி. முதலில் ஒரு கப்பலுக்கு 150 கோடி என்றிருந்தது 224 கோடிக்கு ஏறியது. பட்டறையை அரசே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. லூமுட் நேவல் ஷிப்யார்ட் என்று பெயரும் மாறியது. 2017-இல் விழாக் கண்ட ‘மகாராஜா லேலா’ 2024 மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. இறக்கியவுடன் கடற்படைக்கு உரியதாகிவிடாது. கருவிகள் பொருத்தி, கடலில் ஓட்டிச் சோதித்த பின்பே ஒப்படைப்பு.

இந்த விலை உயர்வுக்கு ஒருவர் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது என்பதே நம் கருத்து. முடிவெடுத்தவர், கடிதங்களைப் படியாதவர், வேலையைப் பாராமல் பணத்தை விடுவித்தவர், பழைய கடனைப் புதிய பணத்தால் அடைத்தவர், அறிக்கையைப் பூட்டியவர் எனப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். இவர்களுள் சிலர் போன அரசினர். சிலர் அதற்குப் பின் வந்து போன அரசினர். எந்தக் கட்சிக்காரர் என்று பார்த்துக் கேட்டால் பாதி வரிசை தப்பித்துவிடும். எந்தத் தேதியில் எந்தத் தாளில் கையொப்பமிட்டார் என்று பார்த்துக் கேட்டால் ஒருவரும் தப்ப முடியாது.

தோட்டத்தில் இருந்துகொண்டு நாம் செய்யக்கூடியது என்ன என்றும் அன்று சிலர் கேட்டனர். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகளும் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலாய் மொழியில் இருப்பதால், எஸ்பிஎம் வரை படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், படித்துச் சொல்லிவிடும். கைத்தொலைபேசியிலேயே திறந்து பார்க்கலாம். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. முதலில் குழு என்ன கண்டது என்னும் பகுதி. அடுத்துக் குழு என்ன பரிந்துரைத்தது என்னும் பகுதி. இவ்விரண்டும் போதும். பிறகு உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ வரும்போது, மாலை போட்டு முடித்த பின், “இந்தப் பரிந்துரைக்கு அமைச்சு என்ன செய்தது ஐயா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். “அவர்கள் காலத்தில் நடந்தது” என்று மறுமொழி வந்தால், “அது தெரியும் ஐயா, இப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று இரண்டாவது கேள்வியையும் தயாராக வைத்திருங்கள். அவர் எந்தக் கட்சியினராயினும் இரண்டு கேள்விகளும் பொருந்தும். உங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் புதிய பொருளாளரிடம் பழைய பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதன்று.

மஞ்சோங் தோட்டத்துக்கு நாம் மீண்டும் செல்லவிருக்கிறோம். கப்பல் அறிக்கையின் முக்கியமான பக்கங்களைப் படியெடுத்து, தமிழில் குறிப்பு எழுதிக் கொண்டுவருவதாகப் பெரியவரிடம் சொல்லிவந்தோம். அந்தப் பத்துக் கடிதங்களைப் பற்றிய பக்கம் தமக்கு முதலில் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.